கேலரியை உள்ளே சேர்க்கும் முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் வீட்டு அக்கா அளவு டேப்பும் கையுமாக வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கேலரிய ஹாலோட சேத்துட்டா வீடு பெருசாயிரும்லா? நடுச் சொவர இடிச்சுட்டு ஓரத்துல ஒரு சொவரு எழுப்பிரலாம்ங்கான் கான்ட்ராக்டரு. பத்து நாள் வேலதானாம். ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

மும்பைப் பக்கத்துத் தமிழர்களுக்குப் பால்கனி என்றால் கேலரிதான். மராத்திக்காரர்களின் பேச்சிலிருந்து நம் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். அக்கா தாராவியில், தொண்ணூறடி சாலைக்குப் பின்னால், ஒரே அறையில் ஆறு பேராக இருபது வருஷம் இருந்தவர். மகன் வேலைக்குப் போனதும் கடன் வாங்கி டோம்பிவிலி கிழக்கில் இந்த ஒரு படுக்கையறை வீட்டுக்கு வந்தார்கள். வீடு மொத்தம் 420 சதுர அடி. கேலரி நாலடிக்குப் பத்தடி. வீட்டில் பத்தில் ஒரு பங்கு இடம் வெளியே நின்றுகொண்டிருக்க, உள்ளே பேரனுக்கு ஒரு மேசை போட இடமில்லை. அந்த ஆசையில் என்ன தவறு இருக்கிறது? எங்கள் கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளில் ஏழில் கேலரி ஏற்கெனவே ஹாலுக்குள் போய்விட்டது.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்; கட்டடப் பொறியாளன் இல்லை. ஆனாலும் அந்த நாலடி அகலத் தளத்தில் நின்று பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடமெல்லாம் அங்கே ஒன்றாகக் கூடி நிற்பதாகத் தோன்றியது. ஒரு சுவரை நாலடி நகர்த்தினால் போதும்; எடை இறங்கும் பாதை, வெயில் நுழையும் பாதை, காற்று போகும் பாதை, ஈரம் ஊறும் பாதை எல்லாமே மாறிவிடுகின்றன. அவை எங்கே போகின்றன என்று கேட்காமல் டைல்ஸின் நிறத்தையும் கதவின் மாடலையும் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த ஊரில் பெரும்பாலான பணம் வீணாகிறது என்பது என் கருத்து.

எடையிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை வசதி சம்பந்தப்பட்டவை. இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஹாலின் தளம் சுற்றிலும் உத்தரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேலரி அப்படியில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கட்டடத்துக்குள் கொடுத்துவிட்டு மறுபக்கத்தை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, பல்லில் கடித்துப் பிடித்த பென்சில் மாதிரி. பொறியாளர்கள் இதைக் கான்டிலீவர் என்பார்கள். இதைப் பற்றி முதலில் கணக்காக யோசித்தவர் கலீலியோ. 1638-ல் வெளியான அவருடைய இரு புதிய அறிவியல்கள் என்ற நூலில் ஒரு படம் உண்டு: இடிந்த சுவரிலிருந்து ஒரு மரத்துண்டு நீண்டிருக்கிறது, அதன் நுனியில் ஒரு பாரம் தொங்குகிறது. துண்டின் தடிமன் இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும் என்று அவர் சொன்னது சரி. துண்டின் கீழ் விளிம்பைச் சுற்றி முழு வெட்டுமுகமும் இழுபடுகிறது என்று நினைத்ததுதான் பிசகு. உண்மையில் மேல் பாதி இழுபடுகிறது, கீழ் பாதி அமுங்குகிறது. பென்சிலின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள்; விரிசல் மேலே விழும்.

கான்கிரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும். இழுவையைத் தாங்கத் தெரியாது. அமுக்கத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுவையில் தாங்கும். ஆகவே இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பி வைக்கிறோம். ஹாலின் தளத்தில் நடுப்பகுதி கீழ்நோக்கித் தொய்வதால் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். கேலரியில் அது மேல்பக்கம், நாம் நடக்கும் தரைக்குச் சற்றுக் கீழே. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் நிறைய சேதம் நடக்கிறது. பழைய மொசைக்கை எடுக்கிறேன் என்று கேலரியில் பிரேக்கர் மிஷினை வைத்து இடிக்கும்போது, அந்தத் தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பிகளின் மேல்தான் உளி இறங்குகிறது. கட்டும்போதே பிசகியிருக்கவும் வாய்ப்புண்டு. கான்கிரீட் கொட்டுகிறவர்கள் மேல் கம்பியை மிதித்து அமுக்கிவிட்டால், 100 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டிருந்த இடத்தில் 75 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும். வலுவில் ஏறக்குறைய கால்வாசி அன்றைக்கே போய்விடும். மேலே பூசி மொசைக் ஒட்டிய பிறகு அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

இப்போது கான்ட்ராக்டர் சொன்ன ஓரத்துச் சுவருக்கு வருவோம். கேலரியின் நீளத்தில் ஒரு மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தளம் சுவரிலிருந்து 1.2 மீட்டர் நீண்டிருக்கிறது. தளத்தின் சொந்த எடையும் தரைப் பூச்சும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ. ஆட்களுக்கும் சாமானுக்கும் வீட்டு அறைகளில் சதுர மீட்டருக்கு 200 கிலோ வைக்கச் சொல்லும் இந்தியத் தர விதி, கேலரிக்கு 300 கிலோ கேட்கிறது; ஊர்வலம் போனால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அங்கேதானே வந்து நிற்கிறோம். ஆக 700 கிலோ. இது தளம் முழுவதும் பரவியிருப்பதால் அதன் சராசரித் தூரம் 0.6 மீட்டர். 700-ஐ 1.2-ஆலும் 0.6-ஆலும் பெருக்கினால் திருப்புத்திறன் ஏறக்குறைய 500 கிலோ மீட்டர். இதைத் தாங்கத்தான் கம்பி போட்டிருக்கிறார்கள்.

ஓரத்தில் நாலு அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி இருபக்கமும் பூசினால் சதுர மீட்டருக்கு 240 கிலோ ஆகும். 2.7 மீட்டர் உயரத்துக்கு 650 கிலோ. அத்தனையும் நுனியில் உட்காருகிறது, 1.2 மீட்டர் தூரத்தில். திருப்புத்திறன் 780. அந்தச் சுவர் ஒன்று மட்டுமே, கேலரி தாங்க வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்ததைவிட ஒன்றரை மடங்கு சுமையை ஏற்றிவிடுகிறது. இதன் மேல் அலமாரி, வாஷிங் மிஷின், தண்ணீர் பிடித்துவைத்த டிரம். மும்பை மேஸ்திரிகள் சிபோரெக்ஸ் என்று சொல்லும் இலகு கான்கிரீட் கற்களில் கட்டினாலும் 320-க்கு மேல் வரும். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி என்றால் 65. எதிலிருந்து எதற்கு வந்துவிட்டோம் பாருங்கள்!

பாதுகாப்புக் காரணி என்று ஒன்றைப் பொறியாளர்கள் வைத்திருப்பதால்தான் அந்த ஏழு கேலரிகளும் இன்றும் நிற்கின்றன. அந்தக் காரணி நம் ஆசைகளுக்கான சேமிப்புக் கணக்கு இல்லை. வேலையில் நேர்ந்த குறைகளுக்கும் வருஷங்கள் தின்பதற்கும் ஒதுக்கியது. டோம்பிவிலியின் பழைய கட்டடங்களில் வருஷங்கள் எவ்வளவு தின்றிருக்கின்றன என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை அக்காவுக்காக அழைத்து வந்தேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கேலரியின் கூரையில் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். ணங் ணங் என்று வந்துகொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் பொத் என்று மாறியது. அங்கே ஒரு சில்லு பெயர்த்தார். உள்ளே துருவேறிய கம்பி. பையிலிருந்து ஒரு சிறிய ஸ்பிரே புட்டியை எடுத்து அந்தக் குழியில் அடித்தார்.

பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்த பினாப்தலீன்தான். காரத்தில் இளஞ்சிவப்பாகும், இல்லாவிட்டால் நிறமற்று நிற்கும். நல்ல கான்கிரீட் கடும் காரம், அதன் பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய்ச் சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்ற, காரம் குறைந்துகொண்டே வருகிறது. பி.எச். 9-க்குக் கீழே போனால் படலம் கரைந்துவிடும். இந்தப் பயணத்தின் வேகம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 10 மில்லிமீட்டர் உள்ளே போக 16 வருஷம் ஆனால், 20 மில்லிமீட்டருக்கு 64 வருஷம். ஆகவே கம்பிக்கு மேல் உள்ள மூடு கான்கிரீட்டைக் கட்டும்போது பாதியாகக் குறைத்தவர், கட்டடத்தின் ஆயுளைக் கால்வாசியாகக் குறைத்திருக்கிறார். கழிமுகத்து மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்திருந்தால், உப்பு இந்த வேலையை இன்னும் விரைவாக முடித்துவிடும். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் சில்லுகள் வெடித்து விழுகின்றன.

அக்காவின் கேலரியில் குழியின் விளிம்பெல்லாம் சாம்பல் நிறமாகவே இருந்தது. கம்பியையும் தாண்டி, குழியின் அடியில்தான் இளஞ்சிவப்பு தெரிந்தது. எஞ்சினியர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"செங்கலு வேண்டாம்ங்காரு, இல்லயா?" என்றார் அக்கா. பார்த்துக்கொண்டே நின்றவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் 2017 ஜூலை 25-ஐ நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. காட்கோபரில் சித்தி சாய் என்ற நாலு மாடிக் கட்டடம் காலை நேரத்தில் சரிந்து 17 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் நடந்த மாற்றி அமைக்கும் வேலையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்று மேலே குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 ஜூலை கடைசியில், எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான டாகுர்லியில் பழைய கட்டடம் ஒன்று இரவில் விழுந்தது. வீடு நம்முடையது, தூணும் உத்தரமும் கட்டடத்தில் உள்ள எல்லோருடையதும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், 15 முதல் 30 வயதுக் கட்டடங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும், 30 வயது தாண்டியவற்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கேட்கின்றன. சொசைட்டிக் கூட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எழுந்து பேசுகிறவரை மற்றவர்கள் நச்சரிப்பவராகப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பேசுங்கள்.

வெயிலுக்கு வருகிறேன். அக்கா வீட்டுக் கேலரி மேற்குப் பார்த்தது. டோம்பிவிலி 19.2 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு நாள், மே மாத நடுவிலும் ஜூலைக் கடைசி வாரத்திலும், நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட நாட்களில் உச்சி சாய்ந்து வடக்கே போய்விடும். அதனால் மே மாதத்தில் தெற்குச் சுவரை வெயில் அதிகம் தொடுவதில்லை. கூரையும் மேற்குச் சுவருமே அடி வாங்குகின்றன. உயரத்தில் நிற்கும் சூரியனை ஜன்னலுக்கு மேலுள்ள சஜ்ஜா தடுத்துவிடும். நாலு மணிக்குச் சாய்ந்து வரும் மேற்கு வெயிலைத் தடுக்க ஒன்றரை அடி சஜ்ஜாவால் ஆகாது. நாலடி கேலரி ஓரளவு தடுக்கிறது: மேல்வீட்டுக் கேலரி நமக்குக் குடை, நம் கேலரி கீழ்வீட்டுக்குக் குடை.

அதன் ஓரத்தில் கண்ணாடி போட்டு உள்ளே சேர்த்தால் குடைக்கு வெளியே போய் உட்கார்ந்ததாகிவிடும். மேற்குப் பார்த்த செங்குத்துக் கண்ணாடியில் மே மாத மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால், சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். மூன்று சதுர மீட்டர் கண்ணாடிக்கு 1,200 வாட். ஹாலின் நடுவே ஒரு இஸ்திரிப் பெட்டியை மாலை முழுக்க ஓடவிட்ட மாதிரி. உள்ளே விழுந்த வெப்பத்தைத் தரையும் சுவரும் நீண்ட அலைக் கதிராகத் திருப்பி விடும்போது கண்ணாடி அதை வெளியே போகவிடாது. உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும். உள்ளே வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

நம் உடம்புக்கு இந்தச் சூடு எவ்வளவு தெரியும்? ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் நம் நாட்டு மக்களிடமே சோதித்து, 1986-ல் வெப்பமண்டலக் கோடைக் குறியீடு என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் சுருக்க வடிவம் மனக்கணக்காகவே போடக்கூடியது. ஈரக்குமிழ் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு, கரும்பந்து வெப்பநிலையில் முக்கால் பங்கு, இரண்டையும் கூட்டி, காற்றின் வேகத்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வரும் எண் 25-க்கும் 30-க்கும் நடுவே இருந்தால் பெரும்பாலோருக்குச் சுகம்.

கரும்பந்து என்பது கருப்பு மை பூசிய உள்ளீடற்ற கோளத்தின் நடுவே வைத்த வெப்பமானி. காற்றின் சூட்டோடு சுவரும் கூரையும் வீசும் கதிர்ச் சூட்டையும் அது சேர்த்துப் பிடிக்கும், நம் தோல் மாதிரி. ஆய்வகங்களில் 15 சென்டிமீட்டர் செம்புக் கோளம் வைப்பார்கள். வீட்டுக்குள் அளப்பதற்கு 4 சென்டிமீட்டர் பந்தே பொருத்தம் என்று 1977-ல் ஹம்ஃப்ரிஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் காட்டினார். டேபிள் டென்னிஸ் பந்தின் அளவு அதுதான். அக்காவின் பேரனும் நானும் ஒரு பந்தில் துளை போட்டு, கருப்புப் பெயின்ட் அடித்து, வெப்பமானியைச் செருகி ஹாலில் தொங்கவிட்டோம். இன்னொரு வெப்பமானியின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்தோம், அது ஈரக்குமிழ்.

மே மாத மாலையில் ஈரக்குமிழ் 27, பந்து 34 என்று வைத்துக்கொள்வோம். 9-ம் 25.5-ம் சேர்ந்து 34.5. மின்விசிறியின் காற்று நம்மேல் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பட்டால் 2 குறையும்; 2.25 மீட்டரில் பட்டால் 3 குறைந்து 31.5 ஆகும். இன்னும் சுகத்துக்கு வெளியேதான். இனிமேல் விசிறியைக் கூட்டிப் பயனில்லை, வர்க்கமூலம் விடாது. வெளியில் சிக் எனும் மூங்கில் திரை தொங்கவிட்டு, கூரையில் வெள்ளையடித்து, பந்தின் சூட்டை 2 டிகிரி இறக்கினால் 30-க்கு வந்துவிடுகிறோம். ஒரு டிகிரி கதிர்ச் சூட்டைக் குறைப்பது, இரண்டு டிகிரிக்கு மேல் ஈரக்குமிழைக் குறைப்பதற்குச் சமம். எங்கே செலவழிக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

மேல்மாடிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் நண்பகல் வெயிலை வாங்கிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து உள்ளே கொடுக்கும்; ஆபீஸ் முடிந்து லோக்கல் பிடித்து வீடு திரும்பும்போதும் அது இறங்கியிருக்காது. மொட்டைமாடியில் உடைந்த வெள்ளை ஓட்டுத்துண்டு பதித்தாலோ, காற்று ஓட இடைவெளி விட்டுப் பத்ரா என்னும் தகர ஷெட் போட்டாலோ அந்தச் சூடு தளத்துக்கே வராது. ஷெட்டுக்குச் சொசைட்டியும் மாநகராட்சியும் அனுமதி தர வேண்டும்.

வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று இந்த நகரம் பாடம் கற்றது 1896 பிளேக்கில். இரண்டு வருஷத்தில் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. பிற்பாடு அதன் தலைவராக இருந்த ஆர் என்பவர் 63½ டிகிரி விதியை வலியுறுத்தினார்: எதிர்க் கட்டடத்தின் உச்சியைப் பார்க்க அதற்குமேல் அண்ணாந்தால் அந்த ஜன்னலுக்கு வெளிச்சம் போதாது. கணக்காகச் சொன்னால், கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதி இடைவெளி. நம்மவர்கள் குடியேறிய மாதுங்கா, டிரஸ்ட் வகுத்த மனைகளில் எழுந்த பகுதி. அங்கே பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் அந்தக் காற்றை இன்றும் உணரலாம். எங்கள் டோம்பிவிலிக் கட்டடம் 12 மீட்டர் உயரம். பக்கத்துக் கட்டடம் 3 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் தரைத்தளத்து ஜன்னலிலிருந்து கோணம் 76 டிகிரி. கேலரிகளையும் கண்ணாடியால் அடைத்துவிட்டால் மிச்சம் என்ன?

காற்று ஒரு வீட்டுக்குள் வர, வெளியே போகவும் வழி வேண்டும். கேலரிப் பக்கத்து வாயும் சமையலறை ஜன்னலும் ஒரே அளவு என்று கொள்வோம். கேலரி வாயை இரட்டிப்பாக்கினால் காற்றோட்டம் நாலில் ஒரு பங்குதான் கூடும். சமையலறைப் பக்கமும் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும். வெளியேறும் வாயைப் பாதி அடைத்தாலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சமையலறை ஜன்னலை மறைத்து மாடுலர் கிச்சன் அலமாரி வைக்கிறவர்கள், ஹால் ஜன்னலையும் சேர்த்தே பாதி மூடுகிறார்கள். ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் முழுதும் திறக்கும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் கம்பி வைத்த சேஃப்டி டோர் ஒரு நல்ல வெளியேறு வாய். உள்கதவை மாலையில் திறந்துவைத்தால் காற்று மாடிப்படி வழியாக மேலே போய்விடும்.

ஈரத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு கிலோ சமையல் வாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது, வாயுவிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் விட்டிருக்கும். இட்லிக் கொப்பரையின் ஆவி, சோறு வடித்த ஆவி, நனைந்த துணி இதில் சேரவில்லை. கேலரி திறந்திருந்தவரை துணி அங்கே காய்ந்தது. அதை ஹாலாக்கியவர்கள் ஜூலை மாதத்தில் ஹாலுக்குள் கொடி கட்டுகிறார்கள். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வளரும். வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் முதுகில் முதலில் வரும். காற்று புகாத இடம் அது. இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் மழைக்காலத்தில் சமையல் முடிந்தும் கால் மணி நேரம் ஓடட்டும்.

வெளியிலிருந்து வரும் ஈரம் வேறு. தென்மேற்குக் காற்று மழையைச் சுவரில் அறைகிறது. பூச்சிலுள்ள மயிரிழை விரிசலில் தண்ணீர் தானாகவே ஏறும்: ஆரம் 0.1 மில்லிமீட்டரானால் 15 சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர். உள்ளே உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது என்று உள்பக்கமே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால், தண்ணீர் சுவருக்குள் சிறைப்பட்டு இன்னோரிடத்தில் வெளிவரும். வெளிச் சுவரின் விரிசலை அடைக்க வேண்டும், அதுவும் மே மாதம் முடிவதற்குள். குளியலறையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றியுள்ள இணைப்பும் அப்படித்தான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டால், பத்து வருஷச் சண்டை மிச்சம்.

அலமாரிக்குப் பிளைவுட் வாங்கும்போது விலையோடு பசையையும் கேளுங்கள். மலிவான ரகங்களில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். வெக்கையும் ஈரமும் கூடக்கூட அது ஃபார்மால்டிஹைடைக் காற்றில் விடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதை வகைப்படுத்தியது. கொதிநீரையும் தாங்கும் ரகத்தில் ஃபீனால் பசை இருப்பதால் வெளியேறும் அளவு குறைவு. குழந்தை படுக்கும் அறையில் இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

கண்ணாடியைப் பற்றி டோம்பிவிலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளில் நடந்த வெடிப்புகளில் சுற்றுவட்டார வீடுகளின் ஜன்னல்கள் நொறுங்கின. வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு திடீரென்று கூடினாலே சாதாரணக் கண்ணாடி உடையும். உடைந்தால் கத்தியாகப் பறக்கும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கண்ணாடி போடுகிறவர்கள் இந்த ஊரில் அதைத்தான் போட வேண்டும் என்பேன்.

அக்கா கேலரியைச் சேர்க்கவில்லை. ஆனால் ஹால் பெரிதாகிவிட்டது. எஞ்சினியரும் சொசைட்டியும் பார்த்துச் சம்மதித்த பிறகு, ஹாலுக்கும் கேலரிக்கும் நடுவே உத்தரத்துக்குக் கீழ் இருந்த நிரப்புச் சுவரை எடுத்து, அதே இடத்தில் முழு அகலத்துக்கு மடக்குக் கதவு வைத்தார்கள். கேலரிக் கூரையில் உளுத்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, பாலிமர் கலந்த சாந்து பூசினார்கள். தரை மொசைக்கில் யாரும் கைவைக்கவில்லை. கம்பி கிரில்லுக்கு வெளியே மூங்கில் சிக். சுவரோரம், தளம் கட்டடத்தோடு சேரும் இடத்தில், பேரனுக்கு ஒரு மடக்கு மேசை. பகலில் கதவைத் திறந்துவிட்டால் ஹாலும் கேலரியும் ஒன்று.

ஜூன் இரண்டாவது வாரம், ராத்திரி முழுக்க முதல் பெருமழை. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது அக்கா வீட்டுச் சேஃப்டி டோர் வழியாக ஈரக்காற்று மாடிப்படிக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே கருப்புப் பந்து அதன் நூலில் மெல்ல ஆடியது. அக்கா கேலரியின் மூலையில் நின்று, போன வருஷம் பச்சையாகப் படர்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கையைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"காஞ்சு கெடக்கு தம்பி," என்றார்.